கண்காணி: ஒரு கிரேக்கப் பதவிப் பெயரும் அதன் தமிழும்

பதவிப் பெயர்கள் இரு வகைப்படும். ஒருவர் செய்யும் தொழிலைச் சுட்டுவன ஒரு வகை. அவர் அமரும் இடத்தைச் சுட்டுவன மற்றொரு வகை. கணக்கர், காவலர், ஓதுவார் என்பன முதல் வகை. இவற்றைக் கேட்ட அளவிலேயே அவர்கள் செய்யும் பணி விளங்கிவிடுகிறது. பீடாதிபதி, தலைவர், மேலவர் என்பன இரண்டாம் வகை. இவற்றால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரிகிறதே அன்றி, என்ன செய்கிறார்கள் என்பது தெரிவதில்லை. தொழிலைச் சுட்டிப் பிறந்த பெயர் காலப்போக்கில் இடத்தைச் சுட்டும் பெயராக மாறிவிடுவதும் உண்டு. அம்மாற்றம் சொல்லோடு நின்றுவிடுவதன்று. அப்பெயரால் அழைக்கப்படுவோர் வாழ்விலும், அவர்களுக்குக் கட்டுப்பட்டோர் வாழ்விலும் அது புகுந்துவிடுகிறது.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகக் கிறித்தவ வேதத்தின் புதிய ஏற்பாட்டில் வரும் ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘எப்பிஸ்கொப்பொஸ்’ என்பது அச்சொல். ‘பிஷப்’ என்று ஆங்கிலத்தில் வழங்குவது இதன் சிதைவே. இதனைத் தமிழர் கண்காணி என்றும், அத்தியட்சர் என்றும், மேற்றிராணியார் என்றும், ஆயர் என்றும், பேராயர் என்றும் பலவாறு வழங்கி வந்துள்ளனர். ஒரு பதவிக்கு இத்தனை பெயர்கள் எதற்கு? இவற்றுள் எது மூலத்துக்கு நெருங்கியது? இவ்வினாக்கள் கிறித்தவர்க்கு மட்டும் உரியனவல்ல. அதிகாரம் என்றால் என்ன என்று கேட்கும் யாவர்க்கும் உரியன. ஆதலின் சமயச் சார்பு கருதாது, சொல்லாராய்ச்சியாகவே இதனைக் காண்போம்.

சொல்லின் உறுப்புகள்

எப்பிஸ்கொப்பொஸ் என்பது இரு உறுப்புகளால் ஆனது. ‘எப்பி’ என்பதற்கு மீது, மேல் என்பன பொருள். ‘ஸ்கொப்பொஸ்’ என்பது நோக்குபவன், காவல் பார்ப்பவன் எனப் பொருள்படும். இந்த இரண்டாம் உறுப்பு நமக்குப் புதியதன்று. ஆய்வுக்கூடத்தில் நாம் நாள்தோறும் கையாளும் மைக்ரோஸ்கோப்பிலும் வானை நோக்கும் டெலஸ்கோப்பிலும் இருப்பது இதே வேர்தான். நுண்ணியதை நோக்குவது ஒன்று. தொலைவில் உள்ளதை நோக்குவது மற்றொன்று. அவ்வாறே, ஒன்றன்மீது கண்ணை வைத்து நோக்குபவன் எப்பிஸ்கொப்பொஸ்.

இவ்வாறு பார்வையை அடியாகக் கொண்டு அதிகாரப் பெயர் அமைப்பது கிரேக்கர்க்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. இலத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேல். ‘விதேரே’ என்றால் காணுதல். இரண்டும் சேர்ந்து பிறந்ததே ‘சூப்பர்வைசர்’. வடமொழியில் ‘அதி’ என்றால் மேல். ‘அக்ஷ’ என்றால் கண். இரண்டும் சேர்ந்து ‘அத்யக்ஷ’ ஆயிற்று. அதுவே தமிழில் அத்தியட்சர். நாம் இன்று எழுதும் ‘மேற்பார்வையாளர்’ என்பதும் இதே அச்சில் வார்த்ததுதான்.

தமிழில் முன்பே இருந்த ‘கண்காணி’ என்னும் சொல்லையும் இவற்றோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். கண் என்பது பெயர். காண் என்பது வினை. இறுதி இகரம் செய்பவனைக் குறிப்பது. மற்ற மொழிச் சொற்கள் எல்லாவற்றிலும் ‘மேல்’ என்னும் உறுப்பு இருக்கிறது. கண்காணியில் அது இல்லை. கண்ணும் காட்சியுமே உள்ளன. மேலிருந்து பார்க்கிறானா, பக்கத்தில் நின்று பார்க்கிறானா என்பதைச் சொல் கூறவில்லை. இச்சிறு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் இது பயன்படும்.

சபைக்கு முன்

கிறித்தவம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிரேக்கர் இச்சொல்லை வழங்கினர். ஓமரின் இலியத்து காவியத்தில் திராய் நகரத்து வீரன் எக்டர் மாண்டபின் அவன் மனைவி புலம்பும் இடம் ஒன்று உண்டு. அங்கே அவனை நகரத்தின் எப்பிஸ்கொப்பொஸ் என்கிறாள். அவன் அரசன் அல்லன், அரசனின் மகன். நகரத்தையும் அதன் பெண்டிரையும் குழந்தைகளையும் காத்து நின்றவன் என்பதே அங்குப் பொருள். அவன் வீழ்ந்தான், இனி நகரமும் வீழும் என்று அவள் அஞ்சுகிறாள். அதே காவியத்தில் மனிதர் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளுக்குச் சான்றாக நின்று காப்பவர் என்னும் பொருளில் தேவர்களுக்கும் இப்பெயர் வருகிறது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரம் பல ஊர்களைத் தன் ஆட்சிக்குக் கீழ்ப்படுத்தியது. அவ்வூர்களுக்கு ஏதென்ஸிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகளுக்கும் எப்பிஸ்கொப்பொஸ் என்றே பெயர். கி.மு. 414இல் அரங்கேறிய அரிஸ்டாபனீஸின் ‘பறவைகள்’ என்னும் நகைச்சுவை நாடகத்தில் இத்தகைய அதிகாரி ஒருவன் வருகிறான். பறவைகள் புதிதாக ஒரு நகரம் கட்டியதும், அழைப்பார் இன்றியே ஏதென்ஸிலிருந்து வந்து இறங்குகிறான். அவனை அடித்து விரட்டுகிறார்கள். மக்கள் அவர்களை எப்படி மதித்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆக, ஒரே சொல், ஒரே செயல். எக்டரும் பார்த்தான், ஏதென்ஸ் அதிகாரியும் பார்த்தான். எக்டர் பார்த்தது தன் ஊருக்காக. அதிகாரி பார்த்தது தன்னை அனுப்பியவர்களுக்காக. ‘யாருக்காகப் பார்க்கிறான்?’ என்னும் வினா இச்சொல்லோடு பிறந்தது என்றே கூறலாம்.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த யூத அறிஞர்களும் இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். அவர்கள் கையில் அது படைத்தலைவர்க்கும் வந்தது. யோசியா அரசன் காலத்தில் எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்த்த வேலையாட்களை மேற்பார்த்தவர்க்கும் வந்தது. கொத்தரும் தச்சரும் வேலை செய்யும் இடத்தில் நின்றவர்க்கு உரிய பெயர் அது. தூபமும் கிரீடமும் அதற்கு இன்னும் வந்து சேரவில்லை.

புதிய ஏற்பாட்டில்

புதிய ஏற்பாட்டில் எப்பிஸ்கொப்பொஸ் என்னும் பெயர் ஐந்தே இடங்களில் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் ஒருமுறை. பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்தில் ஒருமுறை. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதற் கடிதத்திலும் தீத்துவுக்கு எழுதிய கடிதத்திலும் ஒவ்வொரு முறை. பேதுருவின் முதற் கடிதத்தில் ஒருமுறை.

இவற்றுள் முதலாவது மிகவும் கருதத்தக்கது. பவுல் எருசலேமுக்குச் செல்லும் வழியில் மிலேத்துத் துறையில் தங்கி, எபேசு நகரத்துச் சபையின் மூப்பர்களை வரவழைக்கிறார். மூப்பர் என்பதற்குக் கிரேக்கச் சொல் ‘பிரெஸ்பித்தெரொஸ்’. வந்த அந்த மூப்பர்களிடமே, மந்தையைக் காக்கும் எப்பிஸ்கொப்பொஸ்களாக நீங்கள் வைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்னும் கருத்துப்படப் பேசுகிறார். எனவே மூப்பர் வேறு, எப்பிஸ்கொப்பொஸ் வேறு அன்று. மூப்பர் என்பது அவர்கள் யார் என்பதைக் கூறுகிறது. எப்பிஸ்கொப்பொஸ் என்பது அவர்கள் செய்ய வேண்டியதைக் கூறுகிறது. ஓர் ஊருக்கு ஒருவர் என்பதும் இல்லை. எபேசுவில் பலர் இருந்தனர். பிலிப்பியர் கடிதத்திலும் அப்பெயர் பன்மையிலேயே வருகிறது. தீத்துவுக்கு எழுதிய கடிதத்திலும் மூப்பரைப் பற்றித் தொடங்கிய பேச்சு, இரண்டு வாக்கியம் கடந்ததும் எப்பிஸ்கொப்பொஸ் என்னும் பெயரால் தொடர்கிறது.

தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதம் இப்பணிக்கு வேண்டிய தகுதிகளை அடுக்கிக் கூறுகிறது. விருந்தோம்பல் வேண்டும்; தெளிந்த மனம் வேண்டும்; கற்பிக்கும் ஆற்றல் வேண்டும்; குடிப்பழக்கமும் சண்டையும் பொருளாசையும் கூடா; தன் வீட்டை நன்கு நடத்துபவராக இருத்தல் வேண்டும்; வெளியாரிடமும் நற்பெயர் வேண்டும். இப்பட்டியலில் அதிகாரத்தின் எல்லை பற்றி ஒரு சொல்லும் இல்லை. எத்தனை பேரை ஆளலாம், யாரை நீக்கலாம் என்னும் விவரங்களும் இல்லை. எல்லாம் ஆளின் நடத்தையைப் பற்றியனவே.

பெயர்ச்சொல்லோடு நின்றுவிடாமல் அதன் வினையையும் நோக்குதல் வேண்டும். ‘எப்பிஸ்கெப்தொமாய்’ என்னும் வினை எங்கெங்கே வருகிறது என்று பார்த்தால் சொல்லின் உள்ளம் விளங்கும். மத்தேயு நூலின் 25ஆம் அதிகாரத்தில் நோயுற்றவனைப் போய்ப் பார்ப்பதற்கு அது வருகிறது. யாக்கோபின் கடிதத்தில் திக்கற்ற குழந்தைகளையும் கைம்பெண்களையும் பார்த்துக்கொள்வதற்கு வருகிறது. மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதற்கும் கிரேக்கர் இவ்வினையை வழங்கினர். தமிழிலும் ‘பார்த்தல்’ என்னும் வினைக்கு இத்தன்மை உண்டு அன்றோ? ‘வைத்தியர் வந்து பார்த்தார்’ என்கிறோம். ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்கிறோம். ‘வயலை யார் பார்க்கிறார்கள்?’ என்று கேட்கிறோம். இவ்விடங்களில் பார்ப்பது கண்ணின் தொழில் மட்டும் அன்று. கையின் தொழிலும் மனத்தின் தொழிலும் ஆகும். எப்பிஸ்கொப்பொஸ் இவ்வகையிற் பார்ப்பவன்.

தமிழ் வேதத்தின் பழைய திருப்புதலில் இவ்வினை பெரும்பாலும் ‘விசாரித்தல்’ என்றும் ‘சந்தித்தல்’ என்றும் வருகிறது. பொருள் பொருந்தியதே. தென் மாவட்டங்களில் இன்றும் அன்போடு நலம் கேட்பதை விசாரித்தல் என்றே கூறுவர். ஆயினும் ஓர் இழப்பு நேர்ந்துவிட்டது. நோயாளியை விசாரிப்பவனும் சபையின் கண்காணியும் கிரேக்கத்தில் ஒரே வேரின் கிளைகள். தமிழில் படிப்போர்க்கு இவ்வுறவு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பதவியும் பணிவிடையும் வெவ்வேறு என்று எண்ண இடம் ஏற்பட்டுவிடுகிறது.

ஐந்தாவது இடம் பேதுருவின் கடிதத்தில் உள்ளது. அங்கே எப்பிஸ்கொப்பொஸ் எனப்படுபவர் கிறித்துவே. ஆன்மாக்களின் மேய்ப்பர் என்னும் பெயரோடு இப்பெயர் இணைந்து வருகிறது. இறைவனையே காண்பவனாகக் கருதுவது தமிழ் மரபுக்கும் புதியதன்று. திருமூலர் திருமந்திரத்தில் இறைவனுக்குக் கண்காணி என்னும் பெயரையே இட்டிருக்கிறார். பார்ப்பவர் இல்லை என்று எண்ணிக் கள்ளம் செய்வோரை நோக்கி, எங்கும் கலந்து நிற்கும் கண்காணி ஒருவன் உளன் என்று அவர் அறிவுறுத்துகிறார். இரு மரபுகளும் ஒரே சொல்லில் வந்து சந்திப்பது வியப்பன்றோ?

கண்ணிலிருந்து இருக்கைக்கு

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் இக்னேஷியஸ் என்பவர், உரோமாபுரிக்குக் கொலைத்தண்டனைக்காகக் கொண்டுசெல்லப்படும் வழியில் சில கடிதங்கள் எழுதினார். அவற்றில் ஓர் ஊருக்கு எப்பிஸ்கொப்பொஸ் ஒருவர், அவர்க்குக் கீழே மூப்பர்கள், பின்னர் உதவியாளர்கள் என்னும் மூன்று படிகள் தெளிவாகத் தோன்றுகின்றன. அடக்குமுறையும் கொள்கைப் பூசலும் நிறைந்த காலத்தில் சபை சிதறாமல் இருக்க இவ்வமைப்பு உதவியது. இதனைக் குறை என்று ஒதுக்க முடியாது. ஆனால் பணியின் பெயர் படியின் பெயராக மாறியது இங்கேதான். 4ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசே கிறித்தவத்தைத் தழுவியபின் அப்படி மேலும் உயர்ந்தது. அரசு அலுவலர்க்கு நிகரான மதிப்பும் அதற்கு வந்தது.

மாற்றத்தை உணர்ந்தவர்கள் சபைக்குள்ளேயே இருந்தனர். வேதத்தை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், பண்டைக்காலத்தில் மூப்பரும் எப்பிஸ்கொப்பொஸும் ஒருவரே என்று வெளிப்படையாக எழுதினார். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் ஆயராக இருந்த அகுஸ்தீன் தம் ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலில் இச்சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுகிறார். இது வேலையின் பெயர், பெருமையின் பெயர் அன்று என்பது அவர் முடிவு. முன்னிற்பதை விரும்பிப் பயன்படுவதை விரும்பாதவன் தன்னை எப்பிஸ்கொப்பொஸ் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம் என்பது அவர் கருத்து. அப்பதவியில் இருந்தவரே இவ்வாறு எழுதியமை நினைவில் வைக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பும் அரசியலுக்குத் தப்பவில்லை. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னன், பிஷப்புகள் போய்விட்டால் மன்னனும் நிலைக்க மாட்டான் என்று எண்ணியவன். அவன் ஆணையால் 1611இல் வெளிவந்த ஆங்கில வேதத்தில், எபேசு மூப்பர்களைக் குறிக்கும் இடத்தில் மட்டும் ‘மேற்பார்வையாளர்’ என்னும் பொருளுடைய பொதுச்சொல் வருகிறது. மற்ற நான்கு இடங்களிலும் ‘பிஷப்’ வருகிறது. மூப்பரும் பிஷப்பும் ஒருவரே என்று காட்டும் வெளிப்படையான இடம் ஒன்று இதனால் மங்கிவிட்டது.

இருக்கையின் செல்வாக்கு மற்றொரு வகையிலும் வளர்ந்தது. ‘கத்தெத்ரா’ என்றால் கிரேக்கத்தில் இருக்கை. பிஷப்பின் இருக்கை உள்ள கோவில் ‘கதீட்ரல்’ ஆயிற்று. புதுதில்லியில் நாடாளுமன்றத்துக்கு அருகே நிற்கும் மீட்பின் ஆலயமும், கோல் டாக்கானாவின் பக்கத்தில் நிற்கும் திருவிருதய ஆலயமும் இப்பெயர் பெற்றவை. கோவிலின் பெயரே நாற்காலியிலிருந்து வந்தது என்பதை அவ்வழியே செல்வோரில் எத்தனை பேர் அறிவர்?

தமிழில் வந்த கதை

இனித் தமிழுக்கு வருவோம். புதிய ஏற்பாடு தமிழில் முதன்முதல் அச்சேறியது தரங்கம்பாடியில். சீகன்பால்கு முயற்சியால் 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது வெளிவந்தது. பின்னர்ப் பல திருப்புதல்கள் தோன்றின. 1871ஆம் ஆண்டுப் பதிப்பை அடியாகக் கொண்ட பழைய திருப்புதலே இன்றும் புரொட்டஸ்டண்டு சபைகளில் பெரிதும் வழங்குகிறது. அதில் எப்பிஸ்கொப்பொஸ் வரும் ஐந்து இடங்களிலும் ‘கண்காணி’ என்னும் சொல்லே உள்ளது. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதம் மறைத்த ஒற்றுமையைத் தமிழ் வேதம் மறைக்கவில்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘கண்காணிப்பாளர்’ என்கிறது. வேர் ஒன்றே.

கண்காணி பழந்தமிழ்ச் சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோவிற் காரியங்களைக் கண்காணி செய்தவர்களைக் காண்கிறோம். அறுவடைக் களத்தில் நெல் அளக்கும்வரை காத்திருந்து பார்ப்பவனும் கண்காணியே. மொழிபெயர்த்தோர் புதுச்சொல் புனையவில்லை. கோவிலிலும் களத்திலும் வழங்கிய சொல்லையே எடுத்தாண்டனர்.

ஆனால் வேதத்தில் கண்காணி என்று படித்த சபைகள் நடைமுறையில் அப்பெயரால் எவரையும் அழைக்கவில்லை. சிலர் பிஷப்பு என்றனர். அதில் ஒலி உண்டு. தமிழர்க்குப் பொருள் இல்லை. சிலர் அத்தியட்சர் என்றனர். அது கிரேக்கச் சொல்லின் நேர்ப் பெயர்ப்பு. கௌடலியரின் பொருள்நூலில் இரண்டாம் பகுதி முழுவதும் அத்தியட்சர்களைப் பற்றியதே. நெசவுக்கு ஒருவர், உழவுக்கு ஒருவர், கள்ளுக்கு ஒருவர், எடை அளவைக்கு ஒருவர் என ஒவ்வொரு தொழிலையும் பார்க்க ஓர் அதிகாரி அங்கு உண்டு. தில்லியில் வாழும் நாம் இச்சொல்லை வேறு வகையிற் கேட்கிறோம். மக்களவைத் தலைவர் இந்தியில் அத்யக்ஷ். கட்சித் தலைவரும் அத்யக்ஷ். இந்தி வேதத்திலும் எப்பிஸ்கொப்பொஸ் அத்யக்ஷ் என்றே வருகிறது. கத்தோலிக்கர் இந்தியில் தம் ஆயரைத் தர்மாத்யக்ஷ் என்பர். சொல்லுக்குள் கண் இருப்பதை இன்று யாரும் நினைப்பதில்லை. கூட்டத்தில் நடுநாற்காலியில் அமர்பவர் என்பதே பொருளாகிவிட்டது. கிரேக்கச் சொல்லுக்கு நேர்ந்தது வடசொல்லுக்கும் நேர்ந்தது.

கத்தோலிக்கத் தமிழர் நெடுங்காலம் மேற்றிராணியார் என்றனர். மலையாளத்தில் மெத்ரான் என்பதும் இதுவும் உறவுடையன. இவற்றின் மூலம் கிரேக்க ‘மெத்ரொப்பொலித்தெஸ்’. தாய்நகரத்தில் இருப்பவர் என்பது பொருள். இது முழுவதும் இடப்பெயர். இப்போது கத்தோலிக்கர் ஆயர் என்றும், உயர்நிலையில் உள்ளவரைப் பேராயர் என்றும் வழங்குகின்றனர். தென்னிந்தியத் திருச்சபையிலோ பேராயர் என்பதே பிஷப்பைக் குறிக்கிறது. ஆயர் என்பது இனிய சொல். முல்லை நிலத்தின் மணம் வீசுவது. தன் மந்தைக்காக உயிரையும் கொடுக்கும் மேய்ப்பனை நினைவூட்டுவது. ஆயினும் அது வேறொரு கிரேக்கச் சொல்லுக்கு உரிய தமிழ். மேய்ப்பன் என்னும் பொருளுடைய ‘பொய்மேன்’ என்பதற்கு உரியது. எப்பிஸ்கொப்பொஸ் அதனுள் அடங்கிவிடவில்லை. அதன்மேல் ‘பேர்’ என்னும் அடை ஏறும்போது, மேல் என்னும் உறுப்பு மற்றொரு வாயில் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

தோட்டத்துக் கங்காணி

மிகப் பொருத்தமான சொல்லாகிய கண்காணி ஏன் பதவிப் பெயராக நிலைக்கவில்லை? காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று மட்டும் நம் கண்முன் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இச்சொல் கடல் கடந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் சேர்த்துச் சென்றவன் கங்காணி. கண்காணி என்பதே பேச்சில் கங்காணி ஆயிற்று.

ஊரார் அவனை நம்பியதில் வியப்பில்லை. அவன் பெரும்பாலும் அதே வட்டாரத்தான். அதே பேச்சுப் பேசுபவன். கண்காணாத சீமைக்குப் போகும் ஏழைக்கு, ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்னும் ஒரு சொல் போதும். முன்பணம் கொடுத்தான், வழிச்செலவு கொடுத்தான். தோட்டத்தில் இறங்கியதும் அவை கடனாக நின்றன. தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்து நிர்வாகம் தலைமைக் கங்காணிக்குக் காசு தந்தது. எனவே நோயாளியும் எழுந்து வேலைக்குப் போவதில் அவனுக்கு ஆதாயம் இருந்தது. இலங்கையில் ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அக்கடனை ஏற்றால்தான் ஆள் விடுபடுவான். ஆளோடு கடனும் கைமாறியது. இத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பயிற்சியற்ற தொழிலாளரை உதவிப்பணம் கொடுத்து வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வதை 1938இல் இந்திய அரசு தடை செய்தபின், மலாயாவுக்கு ஆள் சேர்ப்பதும் நின்றது.

கங்காணிகள் எல்லோரும் கொடியவர் என்று கூறுதல் நியாயமன்று. காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவனும், திருமணத்துக்கும் சாவுக்கும் முன்னின்றவனும் அவர்களுள் இருந்திருப்பான். கேடு ஆளில் மட்டும் இல்லை, அமைப்பில் இருந்தது. அவன் கண் தொழிலாளர்மீது இருந்தது. அவன் கணக்கு தோட்டத்து அலுவலகத்தில் இருந்தது. ஏதென்ஸ் அனுப்பிய அதிகாரியின் கதையே மலைநாட்டிலும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதத்தில் கண்காணி என்று கேட்ட தோட்டத்துக் கிறித்தவன் மனத்தில் யார் முகம் தோன்றியிருக்கும்?

ஒரு சொல்லும் இருபத்தெட்டு ஆண்டுகளும்

எப்பிஸ்கொப்பொஸ் என்பதன் பொருள் ஏட்டளவில் நின்ற சிக்கல் அன்று. தென்னிந்தியாவில் அது வரலாற்றையே ஆட்டி வைத்தது. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியக் கிறித்தவத் தலைவர்கள், வெளிநாட்டார் கொண்டுவந்த பிரிவுகளை விட்டு ஒரே சபையாக வேண்டும் என்று முடிவு செய்தனர். அவர்களுள் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குச் சென்று பணியாற்றி, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனவர்.

எல்லாவற்றிலும் இணங்கியவர்கள் பிஷப் என்னும் ஒரு பதவியில் தடுக்கி நின்றனர். ஆங்கிலிக்கர்க்கு வழிவழி வந்த பிஷப்புகள் இன்றிச் சபை இல்லை. பிரெஸ்பித்தேரியர், சபையாட்சி முறையினர், மெதடிஸ்டுகள் ஆகியோர்க்கு மூப்பரும் சபையாருமே போதும். இரு சாராரும் சான்று காட்டியது ஒரே புதிய ஏற்பாட்டை. விவாதம் 28 ஆண்டுகள் நீண்டது. முடிவைக் காணாமலே 1945ஆம் ஆண்டின் முதல் நாளில் அசரியா மறைந்தார். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பிஷப்புகள் இருப்பர், ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு, மூப்பரும் சபையாரும் அமர்ந்த மன்றங்களோடு சேர்ந்தே இயங்குவர் என்பது உடன்பாடு. பார்ப்பவனையும் பார்க்கும் கண்கள் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். வட இந்தியத் திருச்சபை 1970 நவம்பர் 29ஆம் நாள் நாகபுரியில் பிறந்தபோதும் பிஷப்பும் மன்றமும் சேர்ந்த அமைப்பே ஏற்கப்பட்டது. தில்லி அதன் மறைமாவட்டங்களுள் ஒன்று.

எது நிற்கும்?

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். எப்பிஸ்கொப்பொஸ் என்பது கண்ணின் தொழிலைக் குறித்துப் பிறந்தது. பின்னர் இருக்கையின் பெயராயிற்று. பிறமொழிகளில் அதற்கு ஈடாக அமைந்த சொற்களும் அவ்வழியே சென்றன. அவற்றுள் கண்காணி ஒன்றே ‘மேல்’ இல்லாமல் பிறந்த சொல். அதுவே மிகுதியாகக் கறைபட்டதும் ஆகும்.

கறைபட்டதால் அச்சொல்லை வேதத்திலிருந்தும் நீக்கிவிடலாம் என்பாரும் இருக்கலாம். அதை ஏற்க இயலவில்லை. மக்கள் தம் தலைவரைப் பேராயர் என்று மதிப்போடு அழைக்கட்டும். அழைக்கும் பெயரில் அன்பும் மரியாதையும் இருப்பது நன்றே. ஆனால் அப்பதவியின் இலக்கணத்தைக் கூறும் இடத்தில் கண்காணியே நிற்றல் வேண்டும். அது செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறது. அவ்வேலை எவ்வாறு கெடும் என்பதையும் தன் வரலாற்றால் நினைவூட்டுகிறது. எச்சரிக்கை இல்லாத பதவிப் பெயர் ஏமாற்றுவதற்கு எளிது.

இவ்வாராய்ச்சி கோவிலோடு நின்றுவிடுவதன்று. நம் ஆராய்ச்சியைப் பார்ப்பவர் சூப்பர்வைசர். விடுதியைப் பார்ப்பவர் மேற்பார்வையாளர். நாளை நம்மில் பலரே அப்பெயர்களைத் தாங்கி அமர்வோம். மாணவர் சங்கத்தின் பொறுப்புகளும் சிறிய அளவில் அத்தகையனவே. தமிழகத்திலிருந்து முதன்முறையாக இந்நகரில் வந்து இறங்கும் இளைய மாணவனுக்கு இதுவும் ஒரு கண்காணாத சீமைதான். அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்பவர் எவராயினும், அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: நான் யாருக்காகப் பார்க்கிறேன்? விடை, பார்க்கப்படுபவனுக்காக என்று இருக்குமானால், பதவியின் பெயர் கிரேக்கமாக இருந்தாலும் வடமொழியாக இருந்தாலும் தமிழாக இருந்தாலும் கேடில்லை.